கிள்ளான்ல இருந்து அம்மாபேட்டைக்கு

சேலத்துக்கு குடி வந்த மொத வாரம், தெருமுனை மெஸ்ல போயி "அண்ணே, ரெண்டு தோசை தப்பாவ் பண்ணுங்க"ன்னேன். அவரு என்னைய ஒரு பார்வ, தோசக்கல்ல ஒரு பார்வ பாத்துட்டு "எதுக்குங்க தப்பா பண்ணணும், நல்லாவே பண்ணித் தரேன்"ன்னாரு. மலேசியாவுல நாங்க பார்சலுக்கு தப்பாவ்னுதான் சொல்லுவோம், அது சீனர்கள்ட்ட இருந்து வந்த வார்த்தைன்னே எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. அதே மாதிரி காலையில பக்கத்து வீட்டு அக்காகிட்ட "பசியாறிட்டீங்களா"ன்னு கேட்டா, பழைய படத்து வசனம் கேட்ட மாதிரி சிரிக்கறாங்க.

எங்க தாத்தா ஆத்தூர் பக்கத்துக்காரரு. கங்காணி கூட்டிட்டுப் போயி நாகப்பட்டினத்துல கப்பலேறுனவரு, அப்புறம் சாகற வரைக்கும் கித்தா தோட்டத்துல, அதாங்க ரப்பர் தோட்டம், பால்மரம் வெட்டி பால் எடுத்தாரு. நான் பொறந்தது கிள்ளான்ல, வேல பாத்தது கோலாலம்பூர்ல. கட்டுனது சேலம் அம்மாபேட்ட பொண்ண. மாமனாருக்கு முடியாம போனதும் சரி வந்துருவோம்னு மூட்டைய கட்டிட்டோம். தாத்தா இந்தியாக்காரருன்னு காட்டற பேப்பர தேடி அலைஞ்சதுல ஒண்ணும் கெடைக்கல, கடைசியில இந்தியப் பொண்ண கட்டி ரெண்டு வருஷம் ஆச்சுங்கற கணக்குலதான் ஓசிஐ கார்டு, அதாங்க வெளிநாட்டு பாஸ்போர்ட்டோட இங்க தங்கறதுக்கான அட்டை, வந்துச்சு. தாத்தா ஊருக்கு மருமகனாத்தான் உள்ள வர முடிஞ்சுது பாருங்க! ஏற்காட்டுல சின்னதா ஒரு காபி தோட்டம் வாங்கலாம்னு ரொம்ப நாள் கனவு, ஆனா ஓசிஐக்காரன் விவசாய நெலமும் தோட்டமும் வெலைக்கு வாங்க முடியாது, வீடு வேணா வாங்கிக்கலாம்னுட்டாங்க. ரெண்டு நாட்டுலயும் வண்டிய இடது பக்கம்தான் ஓட்டணும், எனக்கு சுளுவா அமைஞ்சது அது ஒண்ணுதான்.

என் தொழில் பாட்டு ரெக்கார்டிங். 1996ல ஒரு ஸ்டூடியோவுல எடுபிடியா சேந்தேன். அப்ப ஏடாட்னு ஒரு மிஷின், வீடியோ கேசட் மாதிரியே இருக்கற டேப்புல 8 ட்ராக் பதியும், மூணு மிஷின ஒண்ணா கோத்தா 24. ஒரு எடத்துக்கு ரீவைண்ட் பண்ணுனா மூணும் ஒண்ணா வந்து சேர்றதுக்குள்ள பாடறவங்க ஒரு டீ குடிச்சுருவாங்க. நாலஞ்சு வருஷத்துல நானே ப்ரொட்யூஸ் பண்ண ஆரம்பிச்சேன், உள்ளூர் தமிழ் ஆல்பம், பக்தி கேசட், தைப்பூசத்துக்கு உறுமி மேளம் செட்டு, இப்படி. அப்புறம் பாசார் மாலாம்ல, அதாங்க ராத்திரி சந்தை, 100 பாட்டு போட்ட எம்பி3 சிடி வர ஆரம்பிச்சதும் கேசட் கம்பெனிக்காரரு போன எடுக்கறத நிறுத்திட்டாரு. கடைசி பத்து வருஷம் விளம்பர ஜிங்கிளும் கல்யாண வீடியோ பாட்டும்தான்.

சேலத்துல ஸ்டூடியோ போடற ஆசையோடதான் வந்தேன். வந்த புதுசுல மாமனார் ஸ்கூட்டர்ல ஏற்காடு ரோட்டுக்கு கூட்டிட்டுப் போயி மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவ காட்டுனாரு. 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்சது, நூத்துக்கு மேல படம், மொத மலையாள பேசும்படமே இவங்க எடுத்ததுதான். இப்ப நிக்கறது அந்த முகப்பு மட்டும். அதுக்கு முன்னாடி நின்னுட்டு ஸ்டூடியோ போடலாமா மாமான்னு கேக்க எனக்கு வாய் வரல. அவரே "பசங்களுக்கு சொல்லிக் குடுங்க மாப்ள"ன்னாரு.

அப்படித்தான் மாடியில க்ளாஸ் ஆரம்பிச்சுது. கீபோர்டு, கிட்டார், பாட்டு. சனிக்கிழமை மட்டும் ஏற்காட்டுல ஒரு பள்ளிக்கூடம், 20 கொண்ட ஊசி வளைவும் பஸ்ல ஏறிப் போகணும், கீழ வெயில்ல ட்யூன் பண்ணுன கிட்டாரு மேல குளிருக்கு சுருதி ஏறி நிக்கும், பனி எறங்குச்சுன்னா மிருதங்கத் தோலு தொங்கிப் போயி கஞ்சிரா மாதிரி சத்தம் வரும். பெத்தவங்க கேக்கற மொத கேள்வி எங்க போனாலும் ஒண்ணுதான், "சார், ட்ரினிட்டி க்ரேடு எப்ப எழுதுவான்?" லண்டன் ட்ரினிட்டி காலேஜோட மியூசிக் பரீட்சை அது. எழுதறதுக்கு மொதல்ல அவன் காது குடுத்து கேக்கணுமேங்க.

ஆனா கேக்க வெக்கறது எப்படின்னு எனக்கே தெரியல, இத சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. இருவது வருஷமா நான் பண்ணுனது என்ன, பாடகரு சுருதி வெலகுனா இழுத்து நேரா வெப்பேன், ட்ரம்மர் முந்துனா வெட்டி ஒட்டுவேன். யாரையும் நான் நல்லா வாசிக்க வெச்சதில்ல, நல்லா வாசிச்ச மாதிரி கேக்க வெச்சுருக்கேன். சுருதிய நேராக்கற ஆட்டோட்யூன் சாஃப்ட்வேர் 1997ல வந்துச்சு, அத கண்டுபிடிச்ச ஆண்டி ஹில்டிபிராண்ட் அதுக்கு முன்னாடி எண்ணெய் கம்பெனிகளுக்காக நிலத்தடி அதிர்வு சிக்னல ஆராய்ஞ்சவரு. அந்தக் கணக்கு என் சோத்துல உப்பு போட்டுச்சு, இல்லேங்கல.

பழக்கம் விடுமா? எட்டாவது படிக்கற ஒரு பொண்ணு பாடுனத பதிஞ்சேன், மேல்ஸ்தாயில நாலு எடம் எறங்குச்சு, கை தன்னால போயி ராத்திரி உக்காந்து சரி பண்ணி அவங்கம்மாவுக்கு அனுப்பிட்டேன். அவங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. மறுநாள் அந்தப் பொண்ணு வந்து உக்காந்துச்சு, வாயத் தொறக்கல. ரொம்ப நேரம் கழிச்சு "சார், அது நான் பாடல"ன்னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் க்ளாஸுக்கு வரல, நானே வீட்டுக்குப் போயி அவங்கம்மா முன்னாடியே உண்மைய சொன்னேன், அந்தம்மாவுக்கு என்னைய திட்டறதா காபி குடுக்கறதான்னு தெரியல. பொண்ணு மட்டும் ஒரிஜினல போடச் சொல்லிக் கேட்டுட்டு, "இங்கதான் எறங்குது"ன்னு நாலு எடத்தையும் அதுவே வெரல் வெச்சு காட்டுச்சு.

அமெரிக்க பாப் பாடகர் பிரின்ஸுக்கு ரெக்கார்டிங் இன்ஜினியரா இருந்த சூசன் ரோஜர்ஸ்னு ஒருத்தங்க, ஸ்டூடியோவ விட்டுட்டு படிக்கப் போயி மெக்கில் யுனிவர்சிட்டியில டாக்டரேட் வாங்கி பெர்க்லீ மியூசிக் காலேஜுல வாத்தியாரானவங்க. அவங்க, மனுஷங்க பாட்டு கேக்கறதப் பத்தியே படிச்சாங்க. நான் படிச்சது ஒரு தறிக்காரரு பையன்கிட்ட.

அவனுக்கு வயசு பதினொண்ணு, கிட்டார். தாளம் காட்டற மெட்ரோனோம் பொட்டிய போட்டா அடிச்சுப் புடிச்சு ஓடுவான், நானும் ஒரு மாசம் கத்திப் பாத்தேன். ஒரு நாள் ஃபீஸ் விஷயமா அவங்க வீட்டுக்குப் போனா கீழ நாலு விசைத்தறி, நூல் கொண்டு போற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கற அடியில பேச்சே கேக்கல, இவன் அதுக்கு மேல மாடிப்படியில உக்காந்து வாசிச்சுட்டு இருக்கான், தாளம் ஒரு இம்மி நகரல. மொபைல்ல தட்டிப் பாத்தேன், தறி நிமிஷத்துக்கு சுமாரா 120 தடவ அடிக்குது. அவன் பொறந்ததுல இருந்து அதுக்குள்ளதான தூங்குறான், நான் டிக் டிக்குன்னு பொட்டிய வெச்சுட்டு திட்டிட்டு இருந்துருக்கேன்.

தறிச் சத்தத்த பதிஞ்சு க்ளாஸ்ல போட்டேன். மத்த பசங்களும் அதுக்கே வாசிக்கறாங்க இப்ப. அவங்கப்பாகிட்ட சொன்னேன், அவரு பெருசா சந்தோஷப்படல. "சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போட்டா வோல்டேஜ் எறங்கும்ங்க சார், தறி கொஞ்சம் தொய்யும், அதப் பாத்து கத்துக்கிட்டான்னா கெட்டுப்போவான்"ன்னாரு. மனுஷன் சொன்னது சரிதான், ஆறு மணிக்கு மேல பதிஞ்சதுல பாட்டு மெல்ல மெல்ல பின்னாடி போவுது.

இப்ப அவன் வாசிக்கறப்ப வேகம் கொறைஞ்சா நான் எதையும் நிறுத்தறதில்ல, எண்ணியும் காட்டறதில்ல. "டேய், வோல்டேஜ்"ங்கறேன், சிரிச்சுட்டே ஏத்திக்கறான்.