ஊர்க்காரங்க

மலேசியாவின் பினாங்கில் நாங்கள் குடியேறிய மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, "பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்று கேட்டார். என் மனைவி பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தச் சொல்லை நாங்கள் கேட்டிருக்கிறோம். உறையூரில் முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர், சிவப்புப் பொட்டும் கைலியுமாக நின்று, காலையில் கேட்கும் முதல் கேள்வியாக அது வந்ததும் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

அன்றே இன்னொன்றும் நடந்தது. "காடி இல்லையா உங்ககிட்ட?" என்று அக்கா கேட்க, ஊறுகாய்க்குக் கேட்கிறார் போலிருக்கிறது என்று இவள் உள்ளே போய் வினிகர் பாட்டிலை எடுத்து வந்து நீட்டிவிட்டாள். காடி என்றால் இங்கே கார். ரிங்கிட்டுக்கு வெள்ளி. சாலைக்குச் சடக்கு. பழைய கடைகளின் முன்னால் இருக்கும் மூடிய நடைபாதைக்கு அஞ்சடி. தமிழ் பேசுகிற இடம்தானே, ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் நாங்கள். மலாய் தெரியாதது எங்களைப் பெரிதாகக் கஷ்டப்படுத்தவில்லை. தெரியாது என்பது தெரியும், கையைக் காட்டிச் சமாளித்துவிடலாம். தெரிந்த மொழியில் தடுக்கி விழுவதுதான் வெட்கமாக இருந்தது.

துபாயில் 26 வருடம் கணக்கு எழுதியவன் நான். அப்போது அங்கே வேலை முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். திருச்சிக்கே திரும்பியிருக்கலாம். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில், ஆனால் சிங்கப்பூர் விலைவாசிக்குத் தூரத்தில் இருப்போம் என்று 2017இல் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தில் வந்தோம். அப்போது 50 வயது தாண்டியவர்கள் வங்கியில் 1,50,000 ரிங்கிட் வைப்புத்தொகை வைக்க வேண்டும், மாதம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் காட்ட வேண்டும், விசா பத்து வருடம். திருச்சியில் இருக்கும் இரண்டு கடைகளின் வாடகையையும் சேமிப்பின் வட்டியையும் கூட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு காட்டினேன். அந்த வாசல் இப்போது இல்லை. 2021இல் மாத வருமானத்தை 40,000 ரிங்கிட் ஆக்கினார்கள். 2024இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பிரித்துவிட்டார்கள். வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதோடு 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் வாங்க வேண்டும். "நாங்களும் வரலாமா?" என்று திருச்சி நண்பர்கள் கேட்டால் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். அப்புறம் அவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வந்த மூன்றாம் மாதம் என் சர்க்கரை ஏறியது. காரணத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. தினமும் கெலுகோரில் வீட்டுக்குக் கீழே இருக்கும் ஒட்டுக்கடையில் டீ குடிப்பேன். "சர்க்கரை கம்மி" என்று தமிழில் சொல்வேன். போடுபவரும் தமிழர், தலையாட்டுவார். அவர் சர்க்கரையைக் குறைக்கத்தான் செய்தார். பிரச்சினை பாலில் இருந்தது. 'தே' என்றாலே இங்கே டின்னில் வரும் கெட்டியான இனிப்புப் பால். சர்க்கரையே போடாவிட்டாலும் அது பாயசம். கடைசியில் பக்கத்து மேசைச் சீனத் தாத்தாதான் காப்பாற்றினார். தன் கோப்பையைக் காட்டி "கோப்பி சி கோசோங்" என்றார். 'சி' என்றால் இனிப்பில்லாத டின் பால், 'கோசோங்' என்றால் ஒன்றுமில்லை, பூஜ்யம். நான் உருப்படியாகக் கற்ற முதல் மலாய்ச் சொல் அதுதான். அடுத்த நாள் கடைக்குப் போய் நெஞ்சை நிமிர்த்தி "கோசோங்" என்று மட்டும் சொன்னேன். தட்டில் ஒரு ரொட்டி சானாய் வந்தது. முட்டையோ வெங்காயமோ போடாத வெறும் ரொட்டிக்கும் கோசோங்தான் பெயர். வந்ததைத் திருப்பி அனுப்ப மனமில்லை, பருப்புக் குழம்போடு சாப்பிட்டேன்.

மனைவிக்கு வேறொரு கணக்குத் தகராறு. இங்கே விடிவது ஏழேகால் வாக்கில், சில மாதங்களில் ஏழரை ஆகிவிடும். தீபகற்ப மலேசியா 1982இல், கிழக்கே கடல் தாண்டி இருக்கும் தன் மாநிலங்களான சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போகக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டதன் பலன். திருச்சியில் திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம் என்பது அவளுக்கு மூச்சு மாதிரி. அது சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் ஊரின் கணக்கு. இங்கே ஏழரைக்கு இன்னும் விளக்கே அணைக்கவில்லை, இராகு எப்படி வருவான்? ஒரு வாரம் யோசித்து, எல்லாவற்றுக்கும் ஒன்றேகால் மணி நேரம் கூட்டி அட்டவணை போட்டு அடுப்படியில் ஒட்டினாள். அதைப் பார்த்த அக்கா, "இவ்ளோ பார்த்தா எப்ப தங்கச்சி வெளிய போறது?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சமையல் சுலபம். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, பொன்னி அரிசி எல்லாம் கிடைக்கிறது. லிட்டில் இந்தியாவில், குயின் தெரு மாரியம்மன் கோயில் பக்கம் நடந்தால் ஜவுளிக்கடைப் பாட்டுச் சத்தத்தில் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அந்தக் கோயில் 1833லிருந்து அங்கே இருக்கிறது. இரண்டு தெரு தள்ளினால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. இதையெல்லாம் சுற்றுலா வருபவர்களுக்குக் காட்டி ஓய்ந்துவிட்டேன். சும்மா உட்கார எனக்குப் பிடித்த இடம் தாவரவியல் பூங்காதான், காலை எட்டு மணிக்கு முன்னால், குரங்குகள் பையைக் குறிவைக்கத் தொடங்கும் முன்.

பழக்க வழக்கத்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நான் எதையும் ஆட்காட்டி விரலால் சுட்டுபவன். ஓர் அலுவலகத்தில் வரிசை எண்ணைச் சுட்டிக் காட்டியதும் அந்த மலாய்ப் பெண் முகம் சட்டென்று இறுகியது. மலாய்க்காரர்கள் விரலை மடக்கிக் கட்டைவிரலால்தான் காட்டுவார்கள், சுட்டுவிரல் நீட்டுவது மரியாதைக் குறைவு என்று அக்கா சொல்லித்தான் தெரிந்தது. இப்போது திருச்சிக்குப் போனாலும் கட்டைவிரலை நீட்டுகிறேன். ஆட்டோக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

மருத்துவம்தான் இரவில் தூக்கத்தைக் கெடுப்பது. ஒரு காப்பீட்டு நிறுவனம் என் சர்க்கரையைச் சொல்லி மறுத்துவிட்டது, இன்னொன்று வயதைச் சொல்லி. தனியார் மருத்துவமனைகள் நன்றாக இருக்கின்றன, இந்தோனேசியாவிலிருந்தே வந்து பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் காசு நம் காசு. அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக வைத்துவிட்டு அது இல்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். மாத்திரை திருச்சியிலிருந்து மூன்று மாதத்துக்கு வரும். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆயிட்டா இங்க யாரு இருக்கா?" என்று மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள். அக்காவிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் கொஞ்சமும் கலங்காமல், எந்தக் கோயில் ஐயரைக் கூப்பிடுவது, வண்டிக்கு யாரிடம் சொல்வது, பந்தல் யார் போடுவார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அது இராகு கால அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது.

முதல் தைப்பூசத்துக்கு அக்காதான் கூட்டிப்போனார். பினாங்கில் முருகன் கோயிலைத் தண்ணீர்மலை என்கிறார்கள். மேலே ஏற 513 படி. அதற்கு முந்தின நாள் ரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பார்கள். செட்டியார்களின் வெள்ளி ரதத்தோடு 2017லிருந்து தங்க ரதமும் ஓடுகிறது. சாலையோரம் தேங்காய்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. உடைப்பவர்களில் பாதிப் பேர் சீனர்கள், குடும்பம் குடும்பமாக, வேண்டுதல் வைத்து. ரதம் நெருங்கியதும் ஒரே வெடிச் சத்தம். கால் கீழே இளநீர் ஆறாக ஓடியது. ரதம் போனதும் இயந்திரம் வந்து சிரட்டையையும் தேங்காயையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. ஒரு தேங்காயை உடைத்து மறு மூடியை மறுநாள் சட்னிக்கு எடுத்துவைக்கும் வீட்டில் வளர்ந்தவள் என் மனைவி. "ஐயோ, அத்தனையும் போகுதே" என்று முருகனை விட்டுவிட்டுத் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று கூட்டத்தில் அக்கா தன் உறவினர்களிடம் எங்களை அறிமுகம் செய்தார்: "இவங்க ஊர்க்காரங்க." எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. ஊர் என்றால் இந்தியா. அங்கிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஊர்க்காரங்க. உறையூரில் பிறந்த எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தியது, ஏதோ வெளியாள் என்பதைப் பதமாகச் சொல்வது போல. உறுத்தல் தப்பில்லை, கொஞ்சம் அப்படியும்தான் அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் தன் ஊருக்கு ஒரு முறைகூடப் போகாதவர் அக்கா. கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, கல்யாணமாகிப் பினாங்கு வந்தவர். "ஊர்ல மழையா தம்பி?" என்று என்னிடம் கேட்பார். திருச்சியில் மழையா என்று நான் கைப்பேசியில் பார்த்துச் சொல்வேன்.

போன வருடம் ஒரு மாலை பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு பழைய தபால் உறை, கடிதம் இல்லை. தாத்தாவுக்கு வந்ததாம். தோட்டத்து முகவரி ஆங்கிலத்தில், மூலையில் பாதி அழிந்த இந்திய அஞ்சல் முத்திரை.

"எங்க ஊரு துரையூரு தம்பி. தோட்டத்துத் தொரைங்க இருந்த ஊராம். அங்கேருந்துதான் தாத்தாவ இங்க அனுப்பினாங்களாம்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'ர'வும் 'ற'வும் ஒரே எழுத்து, பாவம் அவர் என்ன செய்வார். "அக்கா, இது துறையூர். வல்லின 'ற'. துரைமாருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எங்க திருச்சி மாவட்டம்தான், பஸ்ல ரெண்டு மணி நேரம்கூட ஆகாது."

அக்கா உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். பெரிய ஏரி, சின்ன ஏரி, பெருமாள் மலை, தள்ளிப் போனால் பச்சைமலை என்றேன். ஏரி என்றதும், "தாத்தா ஏரின்னு சொல்லுவாரு, நாங்க கடலச் சொல்றாருன்னு நெனச்சோம்" என்றார்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். மலாய்ப் பள்ளியில் படிக்கும் பேத்திக்குத் தமிழ் வாசிக்க வராது. அது என்ன என்று நேற்று என் முன்னாலேயே கேட்டாள்.

"நம்ம ஊரு. துரையூரு," என்றார் அக்கா, பழையபடி.