குலுங்கும்போது கொக்பிற்றில் என்ன நடக்கிறது

கனடாவிலிருக்கிற பிள்ளையைப் பார்க்கவென்று கிளிநொச்சியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ முதல்முறை பிளேன் ஏறிய அம்மா அப்பாமார் வந்து சொல்வது: "நடுவானத்தில பிளேன் ஆயிரம் அடி விழுந்தது." வயிறு தொண்டைக்கு வரும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் வானத்தில் கிடங்கு கிடையாது. மேலெழும் காற்றும் கீழிறங்கும் காற்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சோளகக் காலத்து மத்தியானம் காய்ந்த வயலுக்கு மேலே சூடான காற்று எழும்பும், இரணைமடுத் தண்ணீருக்கு மேலே அடங்கிக் கிடக்கும். தாழப் பறக்கிற சிறு விமானம் இரண்டையும் அடுத்தடுத்துக் கடந்தால் உதறும்.

உதறல் தொடங்கியதும் விமானி பெல்ற் விளக்கைப் போட்டு, பணியாளர்களையும் இருக்கச் சொல்வார். அடுத்தது வேகம். ஏ.ரி.ஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம் என்றால் 180 நொட் (ஒரு நொட் மணிக்கு 1.85 கிலோமீற்றர்). ஏ320 என்ற ஜெற் விமானம் என்றால் 20,000 அடிக்குக் கீழே 250 நொட், அதற்கு மேலே 275 நொட், இன்னும் உயரத்தில் ஒலிவேகத்தின் 0.76 பங்கு. அதைவிட வேகமாகப் போனால் காற்றின் அடி இறக்கையில் பலமாக விழும். கிரவல் ரோட்டில் லாண்ட்மாஸ்ரரை எவ்வளவும் மெதுவாக விடலாம், நிற்பாட்டியும் விடலாம். விமானத்தில் அது நடவாது. வேகம் அளவுக்குமேல் குறைந்தால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். உயரே போகப்போக இந்த இரண்டு எல்லைக்கும் இடைவெளி ஒடுங்கும்.

விமானத்தைத் தானாக ஓட்டும் ஓட்டோ பைலற்றை வழமையாக நிறுத்துவதில்லை, அது கையைவிட நிதானமானது. ஆனால் கடும் குலுக்கலில் ஏ320 விமானி எஞ்சினின் தானியங்கி வேகக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுவார். காற்று மாறும்போதெல்லாம் அது எஞ்சினைக் கூட்டிக் குறைத்து அலைக்கும். விமானக் கையேட்டு அட்டவணையில் உள்ள அளவுக்கு எஞ்சினை வைத்துவிட்டு, மூக்கையும் இறக்கைகளையும் சமநிலையில் பிடித்தால் போதும். உயரம் நூறு அடி ஏறி இறங்கினால் விட்டுவிட வேண்டும். அதைத் துரத்தி இழுப்பதுதான் ஆபத்து. உயரத்தைப் பிடிக்க முடியாவிட்டால் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். குலுக்கலைத் தவிர்க்க வேறு உயரமும் கேட்கலாம். குலுக்கல் எங்கே, எவ்வளவு என்று அறிவித்தால் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.

இடிமுகிலை ராடர் காட்டும். பலமான முகிலென்றால் குறைந்தது 37 கிலோமீற்றர் விலகுவார்கள். ஏ-9 வீதியில் கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் தாண்டும் தூரம் அது. ராடர் காண்பது மழைத்துளியை. முகிலின் உச்சியில் இருப்பது பனித்துகள், அது மங்கலாகவே தெரியும். அதனால் அன்ரனாவைக் கீழே சரித்து ஈரமான நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். முகிலே இல்லாத தெளிந்த வானத்துக் குலுக்கலையோ ராடர் காணாது.

2024 மே 21இல் மியன்மாருக்கு மேலே 37,000 அடியில் சிங்கப்பூர் எயர்லைன்ஸ் 321க்கு நடந்ததைப் பாருங்கள். பெல்ற் விளக்குப் போட்டாயிற்று என்று விமானி சொல்லி எட்டே விநாடி. 0.6 விநாடிக்குள், உடல் உணரும் விசை புவியீர்ப்பின் +1.35 மடங்கிலிருந்து −1.5 மடங்குக்கு மாறியது; கழித்தல் என்றால் ஆளை மேலே தூக்கி எறியும். பெல்ற் போடாதவர்களின் தலையில் கூரை வந்து இடித்தது. இதையும் சேர்த்து 4.6 விநாடியில் விமானம் இறங்கியது 178 அடி மட்டும். விமானிகள் 21 விநாடி கையால் ஓட்டி, மறுபடி ஓட்டோ பைலற்றைப் போட்டார்கள். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயப்பட்டார்கள். விமானம் பாங்கொக்கில் பத்திரமாக இறங்கியது.

எட்டு விநாடியில் கழிப்பறையிலிருந்து இருக்கைக்கு வர முடியாது. இருக்கும் நேரமெல்லாம் பெல்ற் இடுப்பெலும்பில் இறுகி இருக்கட்டும். கைக்குழந்தைக்குத் தனிப் பெல்ற் கொடுக்கிற விமானமென்றால் கேட்டு வாங்குங்கள், இந்த விசையில் தாயின் கை நிற்காது. நித்திரை கொள்ளும்போது போர்வைக்கு மேலே பெல்ற்றைப் போடுங்கள். பணிப்பெண் உங்களை எழுப்பாமலே பார்த்துவிட்டுப் போவார்.