கரு அய்யா

சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன். இது தெரியாத காலத்தில், கருணாரத்ன அபேசேகரவை எல்லாரும் 'கரு அய்யா' என்பது வெறும் மரியாதைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். சிறுவர் நிகழ்ச்சியில் கவிதை சொல்ல இலங்கை வானொலிக்குள் நுழைந்த பையன், பிறகு அங்கேயே அறிவிப்பாளராகி, சினிமாவுக்கும் வானொலிக்கும் பாட்டுப் பாட்டாக எழுதித் தள்ளினார். ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய கிரிக்கெட் வர்ணனைதான், சிங்களத்தில் அதற்கு முன்னோடி அவர், ஆங்கிலச் சொற்களை அப்படியே உருட்டிவிடாமல் புதுச் சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். விக்கெட்டுக்குச் சிங்களத்தில் 'கடுல்ல', அதாவது வேலியில் கம்பு போட்டு மறிக்கும் வழி, நம் ஊர்க் கடப்பு மாதிரி! பாட்டு எழுதுகிறவன் காதுக்குத்தான் இதெல்லாம் எட்டும். 1983 ஏப்ரலில் போய்விட்டார், வயது 52தான்.