கல்லறைப் பெட்டியின் அருகே ஒரு குழந்தை: சாந்தா திரினிதா ஆலயத்தில் ஒரு மாலை

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரத்தில் ஒரு பிற்பகல், நானும் என் துணைவியாரும் பிளாரன்ஸ் நகரின் சாந்தா திரினிதா ஆலய வாசலில் கதவு திறப்பதற்காகக் காத்து நின்றோம். இத்தாலியில் பல கோயில்களை நண்பகலில் அடைத்துவிட்டு மாலையில்தான் மீண்டும் திறப்பார்கள் என்பதை மறந்து முன்னதாகவே போய்விட்டது எங்கள் தவறு. மூவொரு இறைவனின் பெயரைத் தாங்கிய இவ்வாலயத்தின் முகப்பு பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்டது. உள்ளே இருப்பதோ கூர்வளைவுகளும் அரையிருளும் கொண்ட, அதனினும் பழைய கட்டடம். நாங்கள் தேடி வந்தது வலப்பக்கக் குறுக்குக் கூடத்தில் உள்ள சஸ்ஸெத்தி சிற்றாலயத்தை. 1485-ஆம் ஆண்டில் தொமேனிகோ கிர்லாந்தாயோ வரைந்த இடையர்களின் ஆராதனை ஓவியம், எந்தப் பீடத்துக்கென்று வரையப்பட்டதோ அந்தப் பீடத்தின் மேலேயே இன்றும் இருக்கிறது.

முதலில் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. சுவரோரம் இருந்த பெட்டியில் ஒரு நாணயத்தைப் போட்டதும் விளக்கு எரிந்தது. ஏறத்தாழ 167 சென்டிமீட்டர் சதுரமான ஒரு மரப்பலகை. அதற்குள் ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் அடங்கியிருந்தது. தொலைவில் குன்றின் மேல் இடையர்களுக்கு வானதூதர் செய்தி சொல்கிறார். இடப்பக்கம் குழந்தையைக் காண வரும் ஞானிகளின் நீண்ட ஊர்வலம் ஒரு ரோமானிய வெற்றி வளைவைக் கடந்து இறங்கி வருகிறது. யோசேப்பு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்னால், தம் நீல மேலாடையின் விளிம்பில் கிடத்தப்பட்ட குழந்தையின் எதிரே மரியா முழந்தாளிட்டுக் கைகுவித்திருக்கிறார்.

பழைய ஓவியங்களில் மரியா பேறுகாலத்துப் பெண்ணைப் போலப் படுத்திருப்பார். 1372-இல் இயேசு வாழ்ந்த புனித நாட்டுக்குப் பயணம் சென்ற சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா, பெத்லகேமில் தாம் கண்ட காட்சியில், குழந்தை தரையில் ஒளிவீசிக் கிடக்க, தாய் முழந்தாளிட்டு வணங்கியதாகச் சொன்ன பிறகே இந்தக் கோலம் பரவியது. 'தாம் ஈன்றவரையே மரியா வணங்கினார்' என்று ஓவியத்தின் சட்டத்தில் இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். பிள்ளையைப் பெற்றவளே பிள்ளையின் முன் முழந்தாளிடும்போது, வந்து நின்ற நாங்கள் இருவரும் நின்றபடியே இருக்க முடியவில்லை.

முழந்தாளிட்ட பிறகுதான் அந்தத் தொட்டியைக் கவனித்தேன். குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்று லூக்கா நற்செய்தி சொல்கிறது. சிறுவயது முதல் வீட்டுக் குடிலில் வைக்கோல் பரப்பிப் பழகிய என் மனத்தில் அது எப்போதும் மரத்தொட்டிதான். இங்கே காளையும் கழுதையும் தலைநீட்டிப் பார்க்கும் தொட்டியோ ரோமானியர் பிணத்தை இடும் கல்பெட்டி. அதன் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கின்றன: எருசலேமில் ரோமானியத் தளபதி பொம்பேயுவின் வாளுக்கு இரையான ஃபுல்வியுஸ் என்னும் குறிசொல்பவன், தன்னை மூடியிருக்கும் இந்தப் பெட்டி ஒரு நாள் தெய்வத்தைத் தரும் என்று சொன்னானாம். பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றியது கி.மு. 63-இல் நடந்த வரலாறு; குறிசொன்ன கதை ஓவியர் காலத்துப் புலவர்களின் புனைவு. புலமைச் செருக்கில் சேர்த்த அலங்காரம் என்றே இதைப் பற்றி ஊரில் இருக்கும்போது எண்ணியிருந்தேன். பீடத்தின் முன் இருந்து பார்க்கையில் அப்படித் தோன்றவில்லை. திருப்பலியில் கிறிஸ்துவின் திருவுடல் அர்ப்பணிக்கப்படும் பீடம் கீழே, அதற்கு நேர் மேலே குழந்தை, குழந்தையின் தலைமாட்டில் திறந்து கிடக்கும் கல்லறை. பிறப்பையும் பலியையும் வெறுமையான கல்லறையையும் பிரித்துப் பார்க்க அந்த ஓவியம் இடம் தரவில்லை.

வலப்பக்கத்து இடையர்கள் அழகர்கள் அல்லர். மழிக்காத தாடை, வெயிலில் காய்ந்த தோல், உழைத்துத் தடித்த விரல்கள். பிளாரன்ஸின் மெதிச்சி குடும்பத்து வங்கியின் புரூஜ் கிளையை, இன்றைய பெல்ஜியத்தில், நடத்திய தொம்மாசோ போர்த்தினாரி, அப்பகுதியின் பிளெமிஷ் ஓவியர் ஹூகோ வான் டெர் கூஸிடம் வரைவித்த பெரும் பீட ஓவியம் 1483-இல் பிளாரன்ஸ் வந்து சேர்ந்தது. அதன் முரட்டு இடையர்களைக் கண்ட வியப்பிலிருந்து இவர்கள் பிறந்தார்கள். குழந்தையைச் சுட்டிக்காட்டும் இடையரின் முகம் கிர்லாந்தாயோவுடையதே என்பர். மறுநாள் உஃபீத்சி அருங்காட்சியகத்தில் அந்தப் பிளெமிஷ் ஓவியத்தையும் கண்டோம். கலைநயத்தில் அதுவே உயர்ந்தது என்று கூடச் சொல்வேன். ஆனால் பீடத்தை இழந்துவிட்ட அதன் முன் ஒருவரும் முழந்தாளிடவில்லை, நானும் முழந்தாளிடவில்லை.

சிற்றாலயத்தைக் கட்டுவித்த பிரான்செஸ்கோ சஸ்ஸெத்தியும் மெதிச்சி வங்கியின் தலைமை மேலாளர்தான். தம் பெயருக்குரிய காவல் புனிதரான அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் வாழ்வைச் சுவரெங்கும் வரையச் செய்தார். 1223-இல் கிரேச்சோ என்னும் சிற்றூரில் வைக்கோலும் காளையும் கழுதையும் கொண்டு கிறிஸ்து பிறப்பு நள்ளிரவைக் கண்முன் நிறுத்திய பிரான்சிஸின் சிற்றாலயத்தில் பிறப்புக் காட்சி பீடத்தில் அமைவது பொருத்தமே. எனினும் என்னை அதிகம் உலுக்கியது பீட ஓவியத்துக்கு நேர் மேலே உள்ள சுவரோவியம். சன்னலிலிருந்து விழுந்து இறந்த ஒரு சிறுவனைப் பிரான்சிஸ் உயிர்ப்பிக்கிறார். பாடையின் மேல் பிள்ளை எழுந்து உட்கார்ந்திருக்கிறான். அந்த அற்புதம் நடந்தது ரோமில் என்பது மரபு. ஓவியரோ அதை இந்த ஆலயத்தின் வாசல் சதுக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார். சஸ்ஸெத்தியின் மூத்த மகன் தெயோதோரோ இளமையில் இறந்தான். 1479-இல் பிறந்த மகனுக்கு அதே பெயரை இட்டார்கள். கடவுளின் கொடை என்பது அப்பெயரின் பொருள். இதை அறிந்தபின் அந்தச் சுவரை வெறும் கலையாகப் பார்க்க எந்தப் பெற்றோராலும் இயலாது.

பீடத்தின் இருபுறமும் பிரான்செஸ்கோவும் அவர் மனைவி நேரா கோர்சியும் முழந்தாளிட்ட கோலத்தில் சுவரில் வரையப்பட்டிருக்கிறார்கள். பக்கச் சுவர்களின் வளைவுகளுக்குள் அவர்களுக்கென வடித்த கருங்கல் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. ஓவியத்தில் உள்ளதையும் சேர்த்தால் கல்லறைப் பெட்டிகள் மூன்று. துணைவியார் இதை விரலால் எண்ணிக் காட்டினார். இறந்துபோன எங்கள் பெற்றோரின் பெயர்களைச் சொல்லி இருவரும் ஒரு மன்றாட்டைத் தொடங்கியபோது விளக்கு அணைந்தது. இன்னொரு நாணயம் பையில் இருந்தது. முடிக்கும்வரை அதை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது சதுக்கத்தில் கடை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எதிரே, சிறுவன் விழுவதாக ஓவியத்தில் கண்ட அதே ஸ்பினி மாளிகை, கோட்டையைப் போன்ற சுவர்களோடு நின்றது. துணைவியார் அதன் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஆற்றுப் பாலம் வரை நடந்து வந்தார்.