விரலில் ஒரு தழும்பு

கொழும்பில் 100ஆம் இலக்க பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா என் போனை எட்டிப் பார்த்தார். பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது பற்றிய செய்தி.

"இங்கிலாந்து விலகினா எங்களுக்கு என்ன, பிள்ளை?"

அவருடைய ஆட்காட்டி விரல் நகத்தின் நடுவே ஒரு பிளவு. மெஷின் ஊசி ஏறிய இடமாம். பல வருசம் இரத்மலானையில் சட்டைக் கொலர் தைத்த கை.

2010இல் ஐரோப்பிய ஒன்றியம், இலங்கையின் ஏற்றுமதிப் பொருட்களுக்குக் கொடுத்துவந்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது. அவருடைய இடத்தில் முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு வேலையே போய்விட்டது. 2017இல் சலுகை திரும்பி வந்தது, அவர் திரும்பிப் போகவில்லை.

சந்தையின் கதவு சாத்தப்பட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

எங்களுக்குக் கதவைச் சாத்தியது வேறு ஆட்கள். பிரிட்டன் தானே சாத்திக்கொண்டது. 2013இல் அப்போதைய பிரதமர் கமரூன், ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குக் கொடுத்ததற்குப் பெரிய காரணம் அவருடைய கன்சர்வேடிவ் கட்சிக்குள் இருந்த பிணக்கு. ஒன்றியத்தை விட்டு விலகக் கேட்ட யுகிப் கட்சி வாக்கைப் பிரித்துவிடும் என்ற பயம் வேறு. 2016இல் வாக்களித்தவர்களில் 51.9 வீதம் பேர் விலகச் சொன்னார்கள். ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் இருக்கக்கூடியதை விட, நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 வீதம் குறையும் என்று அந்நாட்டின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகமே கணித்திருக்கிறது.

கட்சிக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சண்டையை ஊர்ச் சனத்தின் சம்பளத்தில் கொண்டுபோய் வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்காவிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். தெகிவளையில் இறங்க எழும்பியவர், கம்பியைப் பிடித்தபடி கேட்டார்:

"அங்க தைக்கிற பிள்ளையளுக்கு என்ன நடந்தது?"