ஒரே ஈரத்தில் இரண்டு கிடார்: டர்பனில் பதினாறு நாள் சோதனை

விரல்வாசிப்புக்கு ஒரு கிடார் தேவை; டர்பனில் விற்பனைக்கு வந்தவை இரண்டு. இரண்டும் தென்னாப்பிரிக்காவில் கையால் செய்தவை, ஸ்டீல் கம்பி, 645 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 14ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உடல் சேரும் வகை. செய்தவர்கள் பெயர் இங்கே தேவையில்லை. ஒன்று உம்லாங்கா வீட்டிலேயே இருந்தது: ஸ்ப்ரூஸ் மேல்பலகை, ஆப்பிரிக்கன் பிளாக்வுட் பின்பலகை, கீறல் ஒன்றுகூட இல்லை. மற்றது ஜோஹன்னஸ்பர்க்கில் பல வருடம் இருந்துவிட்டு ஆறு மாதம் முன்பு சாட்ஸ்வர்த்துக்கு வந்தது: சீடர் மேல்பலகை, ஈட்டி மரப் பின்பலகை, பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் கம்பிகளைப் பிடிக்கும் கட்டை) கீழே 9 செ.மீ. வெடிப்பு, ஒட்டிச் சரிசெய்தது. இனி 'கறுப்பு' என்றால் முதலாவது, 'ஈட்டி' என்றால் இரண்டாவது.

கறுப்பை விற்றவர் அதைக் கருங்காலி என்றே சொன்னார். கருங்காலி வேறு, இது வேறு. பிளாக்வுட் ஈட்டி மரத்துக்குத்தான் சொந்தம், இரண்டும் டால்பர்ஜியா இனம். இந்த இனம் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலுக்குள் வந்தது. செய்துமுடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு உண்டு. விலக்கு இல்லாதது இதே இனத்துப் பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கு. அது 1992 முதலே மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருப்பதால், பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டாது. வாத்தியத்தோடு சென்னைக்கோ மொரிஷியஸுக்கோ போகிறவர்கள் வாங்கும்போதே மரத்தின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் நாள், பிப்ரவரி, அறை ஈரப்பதம் 74%

முதலில் ஈரமானியைச் சோதிக்க வேண்டும். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரையாமல் சேறு மாதிரி ஆக்கி, ஈரமானியோடு ஜிப் பைக்குள் பன்னிரண்டு மணி நேரம் வைக்கிறது. சரியான கருவி 75 காட்டும். கையிலிருந்த இரண்டில் ஒன்று 71, மற்றது 79 காட்டின. அந்த நான்கு புள்ளி வித்தியாசத்தைக் கூட்டியும் கழித்தும்தான் மேலே 74 என்று எழுதியது.

பிறகு அளவுகள். கம்பிகள் .012 லைட் செட், சுதிக்கு ஏற்றிய நிலை. நெக்கின் (கிடாரின் கழுத்து) கோணத்தைப் பார்க்க, 60 செ.மீ. எஃகு அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல் கிடத்தினால் அதன் நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஈட்டியில் அப்படியே நின்றது. கறுப்பில் நுனி 2.0 மி.மீ. கீழே போய் பிரிட்ஜின் முகத்தில் முட்டியது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பியின் உயரம், அதாவது ஆக்‌ஷன், கறுப்பில் 3.1 மி.மீ., ஈட்டியில் 2.5. வெளியே தெரியும் சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை) கறுப்பில் 1.6, ஈட்டியில் 3.8. ரிலீஃப் (நெக்கின் லேசான வளைவு) இரண்டிலும் 0.2 மி.மீ., அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கறுப்பின் சிக்கல் இந்த எண்களிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆக்‌ஷனை அரை மில்லிமீட்டர் இறக்க, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். 3.1ஐ 2.4க்குக் கொண்டுவர 1.4 மி.மீ. போகும். இருப்பதே 1.6. மீதி 0.2இல் கம்பி சேடிலை அழுத்தவே அழுத்தாது, ஓசை செத்துவிடும். சேடிலின் அடியில் அரத்தின் தடம் இருந்தது. முன்பே யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

ஆனால் இதை வைத்து 'நெக் ரீசெட் (நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்திப் பொருத்துவது) தேவை' என்று எழுதிவிட்டால் பாதி தவறு. டர்பன் கோடையில் டப்பா மூடியைத் திறந்து வைத்தால் அப்பளம் நமுத்துப் போகிறதல்லவா, மேல்பலகைக்கும் அதே கதிதான். மரம் ஈரம் குடித்து உப்பும், பிரிட்ஜ் எழும்பும், ஆக்‌ஷன் ஏறும். கோணம் கெட்டதா, ஈரம் ஏறியதா என்பது உலர்த்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஈட்டிக்கும் இந்தச் சோதனை வேண்டும், காரணம் தலைகீழ். ஜோஹன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் விழுந்த வெடிப்பை டர்பன் ஈரம் தானாகவே மூடிவிடும். ஒட்டியதால் மூடியிருக்கிறதா, உப்பியதால் மூடியிருக்கிறதா என்று இங்கே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

2 முதல் 14ஆம் நாள் வரை

சின்ன அறை, ஜன்னல் மூடி, டீஹ்யூமிடிஃபையரை 48%இல் வைத்தது. கிடார்கள் பெட்டிக்கு வெளியே, ஸ்டாண்டில். பெட்டிக்குள் ஈரத்தை 49%இல் காக்கும் பாக்கெட் போட்டு உலர்த்தலாம் என்பார்கள். இந்த ஊரில் அது ஈரத்தைக் குடித்துக் குடித்து ஊதிப்போகும், காய வைக்காது. காய்ந்த பிறகு நிலையைக் காக்கத்தான் பாக்கெட். கரண்ட் போன ஒரு மாலையில் இரண்டரை மணி நேரத்தில் அறை 61க்கு ஏறியது. அதற்கெல்லாம் பதற வேண்டாம், மரம் அவ்வளவு வேகமாக நகராது. அவசரப்பட்டு 35க்கு இறக்குவதுதான் ஆபத்து. புது வெடிப்பு அப்படித்தான் விழும்.

எவ்வளவு காய்ந்தது என்பதற்கு எடைதான் சாட்சி. 5 கிலோ சமையல் தராசு, ஒரு கிராம் துல்லியம். டிஸ்ப்ளேயை உடல் மறைக்காமலிருக்க, தராசின் மேல் முறுக்கு டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் கிடாரைப் படுக்க வைத்தது. கறுப்பு 2312 கிராமில் தொடங்கி பதினான்காம் நாள் 2274. ஈட்டி 1940இலிருந்து 1909. கடைசி மூன்று நாளும் ஒரு கிராம் இரண்டு கிராம்தான் குறைந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

15ஆம் நாள்

கறுப்பு: ஆக்‌ஷன் 2.8. அளவுகோல் நுனி இப்போது 1.4 மி.மீ. கீழே. பிரிட்ஜ் 0.6 இறங்கியிருக்கிறது, அதில் பாதி 0.3 ஆக்‌ஷனில் குறைந்திருக்கிறது, கணக்கு இடிக்கவில்லை. ஆக, ஈரத்தின் பங்கு 0.6. மீதி 1.4 நெக்கின் சொந்தக் குறை. கம்பிகளின் 70 கிலோவுக்கு மேற்பட்ட இழுவை வருடக்கணக்கில் செய்தது. இதைச் சரிசெய்ய ஹீலின் (நெக் உடலோடு சேரும் குதிகால்) அடியில் செதுக்க வேண்டியது சுமார் 0.45 மி.மீ.தான்: ஹீல் நீளம் 92, உடல் சேருமிடத்திலிருந்து சேடிலுக்கு 287, அந்த விகிதத்தில் 1.4. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத செதுக்கலுக்கு டவ்டெயில் (கோத்து ஒட்டிய) மூட்டை ஆவியில் இளக்கி, நைட்ரோ பூச்சு வெளுத்துப்போகாமல் கழற்றி, திரும்பப் பொருத்தி, பெரும்பாலும் ஃப்ரெட்டுகளையும் சமன்செய்ய வேண்டும். கூலி அந்த ஆவிக்குத்தான்.

ஈட்டி: ஆக்‌ஷன் 2.3, அளவுகோல் நுனி பிரிட்ஜுக்கு 0.4 மேலே. அறையை இருட்டாக்கி உள்ளே எல்.ஈ.டி. விட்டுப் பார்த்ததில் வெடிப்பில் ஒரு பொட்டு வெளிச்சம் கசியவில்லை. விரலால் இரு பக்கமும் அழுத்தினால் விளிம்புகள் சேர்ந்தே அசைந்தன. கண்ணாடியில் பார்த்தபோது உள்ளே மூன்று கிளீட் (வெடிப்பைப் பிடிக்க ஒட்டும் சிறு மரத்துண்டு). இரண்டு, மரநார் வெடிப்புக்குக் குறுக்கே போகும்படி ஒட்டியவை. மூன்றாவது நார் வெடிப்போடே போகும்படி ஒட்டியது, ஒரு மூலை கிளம்பி, தட்டினால் கறகறத்தது. புது கிளீட் ஒட்டுவது ஒரு மாலை வேலை. நெக் போல்ட் வகை, நாளைக்குக் கோணம் மாறினாலும் ஆவி வேண்டாம்.

ஓசையில் வெற்றி கறுப்புக்கே. 48%இல் அடித்தொண்டைக் கம்பிகள் திறந்துகொண்டன, பஜனைக்கு ஓங்கி ஸ்ட்ரம் அடித்தாலும் கலங்கவில்லை. சீடர் மென்மையாகத் தொட்டால் உடனே பேசும், ஓங்கி அடித்தால் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது. விரல்வாசிப்புக்கு என்று பார்த்ததால் அது குறையாகப் படவில்லை. பஜனைக்கோ பாட்டுக்குப் பின்னால் வாசிக்கவோ தேடுகிறவர் ரீசெட் கூலியை விலையில் கழித்துக் கேட்டு, கறுப்பையே எடுக்கலாம்.

16ஆம் நாள்

ஈட்டி எடுக்கப்பட்டது. ஒரு வேலை பாக்கி. ஜோஹன்னஸ்பர்க் குளிரில் ஃப்ரெட்போர்ட் சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டியபோது அவற்றை அரத்தால் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். டர்பன் ஈரத்தில் பலகை திரும்ப அகன்றதும் ஃப்ரெட்டுகள் உள்ளே நின்றுவிட்டன. இத்தனை நாள் காய்ந்தும் முழுதாகத் திரும்பவில்லை. மெல்லிய ஈ கம்பிக்கும் விளிம்புக்கும் இடையே 2.4 மி.மீ.தான், விப்ராட்டோவில் வழுக்குகிறது. நெக்கைத் தொட வேண்டாம். எலும்பில் புது நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் அமரும் பட்டை), அந்த ஒரு பள்ளம் மட்டும் 0.5 மி.மீ. உள்ளே.