தேதி இல்லாத டென்னிசன் கடிதம்: இதுவரை பார்த்தவை

விக்டோரியா காலக் கவிஞர்களின் கடிதங்களில் விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சின்னக் குறிப்புகள்தான்: நன்றி, விருந்துக்கு வர இயலாமை, ஆட்டோகிராப் கேட்டவருக்குப் பதில். மேஜையில் இருக்கும் ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கடிதமும் அந்த ரகம். நடுவில் மடித்த ஒற்றைத் தாள், முதல் பக்கத்தில் சில வரிகள், கையொப்பம். தேதி இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது, எழுதியது யார் கை என்பதை. டென்னிசனுக்குக் கடிதம் எழுதுவதே வேம்பு. 1874 வரை மனைவி எமிலி, அதன்பின் மகன் ஹாலம் என்று அவருக்காகப் பதில் எழுத வீட்டிலேயே ஆள் இருந்தது. கடிதம் ஒரு கை, கையொப்பம் மட்டும் அவர் கை என்றால் விலை நன்றாக இறங்கிவிடும். இதில் இரண்டும் ஒரே கை.

கையொப்பம் ‘ஏ. டென்னிசன்’. 1884-இல் பிரபு ஆனபின் முன்னெழுத்தை விட்டு ‘டென்னிசன்’ என்று மட்டுமே போட்டார். தாளின் தலைப்பில் அவருடைய கோடை வீடான ஆல்ட்வொர்த்தின் முகவரி. அந்த வீடு கட்டி முடிந்தது 1869-இல். ஆக, இடைப்பட்ட பதினைந்து ஆண்டுக்குள். குளிர்காலத்தில் வைட் தீவிலும் கோடையில் ஆல்ட்வொர்த்திலும் இருப்பது அவர் வழக்கம் என்பதால், மாதத்தையும் ஓரளவு ஊகிக்கலாம்.

பத்து மடங்கு லென்ஸில் நிப் அழுந்திய கோடுகளின் இரு ஓரமும் கருத்து, நடு வெளிறித் தெரிகிறது. கல்லச்சுப் பிரதியில் கோடு முழுக்க ஒரே சீராக இருக்கும். மடிப்பைத் தாண்டும் எழுத்துகளையும் பார்த்தாயிற்று: மை மடிப்பின் வெடிப்புக்குள் கசிந்திருந்தால், தாள் பழசாகி மடிந்த பிறகு எழுதியது என்று பொருள். இதில் கசிவில்லை. புற ஊதா விளக்கில் தாள் நீலமாக ஒளிர்ந்தால் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு; இது ஒளிரவில்லை. ஆனால் பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளில் எழுதும் போலிக்காரர்கள் உண்டு. தாளை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது.

வாசகத்தைச் சரிபார்க்காமல் விடவே கூடாது. 1852-இல் கவிஞர் ஷெல்லியின் கடிதங்கள் என்று பதிப்பாளர் மாக்ஸன் ஒரு நூல் போட்டார். முன்னுரை எழுதியது கவிஞர் ராபர்ட் பிரவுனிங். ஒரு பிரதி டென்னிசனுக்குப் போனது. அவர் வீட்டுக்கு வந்த நண்பர் பால்கிரேவ் அதைப் புரட்டியபோது, தன் தந்தை பத்திரிகையில் எழுதிய கட்டுரை வரிகள் ஷெல்லியின் பெயரில் கிடந்தன. கடிதங்கள் போலி என்று தெரிந்து, நூலையே திரும்பப் பெற்றார்கள். பிரவுனிங்கே ஏமாந்த இடம் அது! அதனால் லாங், ஷானன் பதிப்பித்த டென்னிசன் கடிதத் தொகுதிகள் மூன்றிலும் இந்த வாசகத்தைத் தேடுவது அடுத்த வேலை.

பின்பக்கம் ஆல்பத்திலிருந்து பிய்த்த கோந்துத் தடம் இருக்கிறது. ஈரம் வைத்து எடுக்கக்கூடாது. இது இரும்பு கலந்த மை, தண்ணீர் பட்டால் இரும்பு பரவி எழுத்தைச் சுற்றித் தாள் பழுப்பேறி அரிக்கும். அமிலமற்ற ஃபோல்டரில் தட்டையாக வைத்தால் போதும். பிவிசி உறையும் லேமினேஷனும் அறவே வேண்டாம். மூலையில் பென்சிலில் இருக்கும் எண் பழைய வியாபாரியின் குறியாக இருக்கலாம். அதை அழித்துவிட்டால் கடிதம் யார் யார் கைமாறி வந்தது என்று பின்தொடர ஒரு தடயம் போய்விடும்.